நான்கு நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றியவர்கள்

பெற்றவர்கள் ஆசை ஆசையாக அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தொழிலில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'காது'. தொலைபேசியில் "காது இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். "காது டீ குடிக்கப் போயிருக்கு" என்று மச்சான் பதில் சொல்வான். ஐம்பத்தேழு வயதில் ஓர் ஆளுக்கு உடம்பின் ஓர் உறுப்பே பெயராக நிலைத்துவிட்டால் கொஞ்சம் பெருமையும் இருக்கலாம், கொஞ்சம் பயமும் இருக்கலாம். இவருக்குப் பெருமை மட்டும் இருந்தது.

அவர் தொழில் சத்தம் செய்வது. பாட்டு இல்லை, சத்தம். லிஃப்ட் மாடிக்கு வந்து நின்றதும் அடிக்கிற மணி, காரில் பெல்ட் போடாதவனைத் திட்டுகிற டிங் டிங், குளிர்பெட்டியின் கதவை மூட மறந்தால் வருகிற முணுமுணுப்பு, எல்லாவற்றையும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டுமல்லவா? அவர்தான் இவர். சத்தத்தை இவர் உருவாக்குவார். அதைப் பாட வைக்கிற சர்க்யூட் போர்டை மனைவியின் தம்பி, அதாவது மச்சான், செய்வான். இருபத்திரண்டு வருடக் கூட்டு. பட்டறை ஒரு டயர் கடைக்கு மேல். கீழே சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிடைக்கிற அமைதிக்குள் மேலே இருவரும் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்பார்கள். அப்படியே பழகிவிட்டது.

அவர் செய்ததில் செல்லப்பிள்ளை என்று ஒன்று உண்டு. துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் பாடுகிற நான்கு ஸ்வரங்கள். அதன் வாலில், எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லியதாக ஒரு மினுமினுப்பு வைத்திருந்தார். அதற்காக ஒரு மாதம் தூங்கவில்லை என்பார். வீட்டிலும் அதே இயந்திரத்தைத்தான் வாங்கிப் போட்டிருந்தார். ஆனால் மூன்று வருடமாக அந்த மினுமினுப்பைக் காணோம். "ஸ்பீக்கரை மட்டமாப் போட்டுட்டான், என் சத்தத்தோட வாலை நறுக்கிட்டான்" என்று அந்தக் கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. இயந்திரம் பாடி முடிக்கும் போதெல்லாம் அவர் திட்டுவார், மனைவி பேசாமல் துணியை எடுத்துக்கொண்டு போவாள்.

பட்டறையில் அவர் வைத்ததுதான் சட்டம். அதில் முதல் சட்டம், சத்தத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது. எந்தச் சத்தத்தையும் பிரித்து எது எவ்வளவு உயரம் என்று கோடு போட்டுக் காட்டுகிற திரை ஒன்று மேசைமேல் இருந்தது. விலை கொடுத்து வாங்கியதுதான். அதன்மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டி வைத்திருந்தார். "கண்ணு பொய் சொல்லும். கோடு அழகா இருந்தா சத்தமும் அழகுன்னு நம்ப வச்சிடும். இங்க காதுதான் நீதிபதி" என்பார். அந்தக் காகிதம் ஒட்டி ஒன்பது வருடம். ஓரங்கள் சுருண்டு, நடுவில் ஒரு டீக் கறையும் பட்டிருந்தது.

ஊராருக்குச் சத்தம் செய்தே காலம் போய்விட்டது, நமக்கென்று ஒன்று வேண்டாமா என்று மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் தோன்றியது. அப்படி வந்ததுதான் ஒரு சின்தசைசர், மின்சாரத்தில் சத்தம் உண்டாக்குகிற விசைப்பலகை. அலை அட்டவணை வகை. விஷயம் எளிது. ஏதாவது ஒரு சத்தத்தின் அலை ஒரே ஒரு தடவை ஏறி இறங்குகிற துண்டை வெட்டி எடுத்து, அப்படி அறுபத்து நான்கு துண்டுகளை வரிசையாக அடுக்கிவிடுவது. விசையை அழுத்தினால் ஒரு துண்டு திரும்பத் திரும்ப ஓடி ஸ்வரமாகும். குமிழைத் திருப்பினால் பக்கத்துத் துண்டுக்கு வழுக்கிப் போகும், சத்தத்தின் நிறம் மாறும்.

கடையில் கிடைக்கிற இந்த வகைக் கருவிகள் எல்லாம் நல்ல பிள்ளைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தப்பாமல் போகும். இவர்களுடையது அடங்காப் பிடாரி. விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்துத் துண்டுக்குத் துண்டு தாவும். மெல்லத் தொட்டால் அடுத்த வீட்டுக்கு, ஓங்கி அழுத்தினால் ஊரின் மறுகோடிக்கு. துண்டுகளும் வீணையிலிருந்தும் பியானோவிலிருந்தும் எடுத்தவை இல்லை. லிஃப்ட் கதவு, பயணப் பெட்டியின் ஜிப், கீழ்க்கடையில் டயரிலிருந்து காற்று இறங்குவது, மனைவி போர்வையை உதறுவது. இதையெல்லாம் வைத்து வாசித்தால், யாரோ தெரிந்தவர் பக்கத்து அறையில் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். பச்சோந்தி என்று பெயர் வைத்தார்கள்.

"விக்கிற சாமானுக்கு யாராவது இப்படிப் பேர் வைப்பாங்களா?" என்றாள் மனைவி. "வேலைக்கு ஆள் அனுப்பும்போதே 'கொஞ்சம் திருடுவான், பார்த்துக்கங்க'ன்னு சொல்லி அனுப்புற மாதிரி இருக்கு."

போர்டின் கடைசியில் மச்சான் ஒரு வடிகட்டி வைத்திருந்தான். இருபத்திரண்டு சின்னச் சின்ன உதிரிகள். துண்டுக்குத் துண்டு தாவுகிற வேலையில் உண்டாகும் உச்சஸ்தாயிக் குப்பைச் சத்தத்தை வெட்டுவதற்கு. ஒருநாள் மதியம் அதைப் போட்டும் எடுத்தும் மாறி மாறிக் கேட்டார்கள்.

"வித்தியாசம் தெரியுதா மாப்ள?"

"இல்ல அத்தான்."

"எனக்கும் தெரியல. எனக்கே தெரியலன்னா எவனுக்குத் தெரியப் போகுது? தூக்கிடு."

இருபத்திரண்டு உதிரி மிச்சம் என்று சந்தோஷமாகக் கீழே போய் டீ குடித்தார்கள். அந்த வாரமே பட்டறைப் பூனை கோபித்துக்கொண்டது. ஆறு வருடமாக மின்பெட்டியின் சூட்டில் சுருண்டு கிடந்த பூனை, டயர் கடையின் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே போய்க் குடியேறியது. "அந்தாளு பால் வைக்கிறான் போல" என்று மச்சானுக்கு மனத்தாங்கல்.

இசைக்கருவிகளை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்கு அனுப்புகிற பெரியவர் ஒருவர் பச்சோந்தியை வந்து பார்த்தார். ஒரு மணி நேரம் வாசித்தார். கண் கலங்கியதை மறைக்க மூக்கைச் சிந்திக்கொண்டார். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "எனக்குப் பிடிச்சா ஆச்சா? வாங்குறவங்களுக்குப் பிடிக்கணும். ஒரு பொண்ணை அனுப்புறேன், சந்தையை ஆய்வு பண்ணும். ஐந்நூறு போகும்னு தெரிஞ்சா கையெழுத்து" என்றார். ஐந்நூறுக்குக் குறைந்தால் கருவியின் மேல்பெட்டியைச் செய்து வாங்குகிற செலவே கட்டாது. அது இரு தரப்புக்கும் தெரியும்.

ஆய்வுக்காரப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அறிக்கையைக் கொண்டுவந்த அன்று நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"மொத்தம் அறுபது பேர் சார். ஒரு கடையோட பின்னறையில ஹெட்போன் குடுத்து உட்கார வச்சேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாசிக்கலாம், பிடிக்கலன்னா உடனே எழுந்து போகலாம். நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல இருபத்துநாலு பேர். அதுல இருபத்தொரு பேர் வாங்குவோம்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் கடை பூட்டுற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல."

காது மச்சானைப் பார்த்தார். மச்சான் முகம் மலர்ந்தது.

"முப்பது வயசுக்குக் கீழ முப்பத்தாறு பேர்" என்று அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "அதுல முப்பத்தொரு பேர் நாலு நிமிஷத்துக்குள்ள ஹெட்போனைக் கழட்டிட்டாங்க."

கீழே சுத்தியல் விழுந்தது.

அவள் முடிவுரையைப் படித்தாள். இது நடுவயது தாண்டியவர்களுக்கான கருவி. சந்தை இருநூறு, அதுவும் ஒரே தடவை. ஓரங்களில் மரச்சட்டம் வைக்கலாம், எழுத்துகளைப் பெரிதாக்கலாம், மூட்டுவலி உள்ளவர்கள் திருப்ப வசதியாகக் குமிழ்களையும் பெரிதாக்கலாம்.

"கூடவே ஒரு பாட்டில் தைலமும் இலவசமாக் குடுத்துடலாமே" என்றார் காது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பாவம் அந்தப் பெண், அதையும் குறித்துக்கொள்ளப் போனாள். பிறகு புரிந்து பேனாவை மூடிவைத்தாள். பெரியவர் வெள்ளிக்கிழமை வருவார், இந்த எண்ணிக்கைக்குச் சரி என்று சொல்லமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு மச்சான் ஒரு குளிர்பெட்டிக் கம்பெனியின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். கதவு திறந்திருப்பதைச் சொல்ல ஒரு புதுச் சத்தம் வேண்டுமாம். 'கனிவாகவும் கண்டிப்பாகவும்' இருக்க வேண்டுமாம். மூன்று வருடத்தைத் துணி போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி குளிர்பெட்டிக்குள் தலையை விட வேண்டும் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அன்று மாலை முழுக்க இந்தக் காலத்துப் பிள்ளைகளை வைது தீர்த்தார் காது. பொறுமை கிடையாது, ரசனை கிடையாது, எல்லாம் நாலு நிமிடம். திட்டி அலுத்த பிறகு, திட்டுவதற்குப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்றுதான் அறிக்கையின் பின்பக்கங்களைப் புரட்டினார். கழற்றியவர்கள் எழுதிய காரணங்கள் அங்கே இருந்தன. 'பல் கூசுகிறது.' 'தலைக்குள் ஊசி.' 'காதருகில் கொசு.' 'வீட்டுக்குப் போய் மாத்திரை போட வேண்டும்.' ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: 'இவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஆனால் உட்கார முடியவில்லை.'

இதில்தான் அவர் மாட்டிக்கொண்டார். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே? அழகு என்று சொல்கிறவன் எதற்காக எழுந்து போகிறான்?

மறுநாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். மச்சான் உதிரி வாங்கப் போயிருந்தான்.

"நீ வாசிச்சுப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார்."

"எவ்வளவு நேரம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "மூணு நிமிஷம்."

"பரவாயில்ல. இப்ப நான் வாசிக்கிறேன். எந்த இடத்துல தொந்தரவா இருக்கோ அங்க கையைத் தூக்கு. எந்தத் துண்டுன்னு தெரிஞ்சா அதைச் செதுக்கிடலாம்." ஹெட்போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் பச்சோந்தியின் சுவிட்சைப் போட்டார்.

அவள் கை உடனே உயர்ந்தது.

"நான் இன்னும் ஒரு விசையைக்கூடத் தொடலையேம்மா."

"இல்ல சார், அந்த விசில்."

"எந்த விசில்?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "மேல, ரொம்ப மேல, ஒல்லியா ஓடிட்டே இருக்குமே சார். விடாம. அதுதான்." அவர் புரியாமல் கருவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "நீங்க வேணும்னேதான் போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். நீங்க எவ்வளவு பெரிய ஆளு! எனக்குத்தான் புரியலன்னு நினைச்சுட்டேன். அதான் அறிக்கையில எழுதல."

காது ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டினார். சத்தமே இல்லை. ஒன்பது வருடமாக ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தை ஒரு கையால் கிழித்தார். திரையின் சுவிட்சைப் போட்டார். இடது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வலது பக்கத்தில், பதினைந்தாயிரத்துக்கு நேராக, வெட்டவெளியில் நட்ட கம்பம் போல ஒரே ஒரு கோடு நின்றுகொண்டிருந்தது. நொடிக்குப் பதினைந்தாயிரம் தடவை 'தாவலாமா, தாவலாமா' என்று போர்டு தன்னைத் தானே கேட்டுக்கொள்கிற சத்தம். இருபத்திரண்டு உதிரிகளும் இதை வெட்டத்தான் அங்கே இருந்திருக்கின்றன.

அவருக்கு இன்னும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சோதனைச் சத்தம் எழுப்புகிற பெட்டியை இழுத்துவைத்து ஸ்பீக்கரில் மாட்டினார். "கேக்கிற வரைக்கும் விரலைத் தூக்கி வச்சிரு. நானும் வச்சுக்கிறேன்" என்றார். குமிழை மெல்லத் திருப்பினார். ஐயாயிரம். இரண்டு விரல்களும் நின்றன. எட்டாயிரம். ஒன்பதாயிரத்து நானூறில் அவர் விரல் தானாக மடங்கியது. குமிழைத் திருப்பிக்கொண்டே போனார். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. அவள் விரல் அசையவில்லை. கண்தான் கலங்கிக்கொண்டு வந்தது. பதினாறாயிரத்தைத் தாண்டியதும் அவள் மெதுவாகக் கையை இறக்கினாள், அதுவும் கேட்காமல் இறக்கினாளா, பார்க்கமுடியாமல் இறக்கினாளா என்று தெரியவில்லை.

வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. அதை மிகை என்று யாரும் சொல்லவேண்டாம். கை போனால் தச்சன் என்ன ஆவான்? காதுக்குக் காது போனால் அந்தப் பெயரைச் சொல்லி இனி யாரைக் கூப்பிடுவது?

"சார், போர்டுல ஏதோ கோளாறுன்னு எழுதிடறேன்" என்றாள் அவள். "இது யாருக்கும் தெரிய வேண்டாம். கோளாறு சரிபண்ணியாச்சு, மறுபடி சோதிக்கணும்னு சொன்னா ஐயா ஒத்துக்குவார்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். கோளாறு உள்ள போர்டு என்றால் அது மச்சானின் போர்டு என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினார் என்றும் சொல்ல முடியாது, ஆட்டவில்லை என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மனைவி கேட்டதற்குப் பாதி பதில் சொன்னார். உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் நின்று, தன் நான்கு ஸ்வரங்களைப் பாடியது. வழக்கமாக அவர் திட்டத் தொடங்குகிற நேரம். இன்று திட்டவில்லை. மனைவி கூடையோடு போகிறவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா? திட்டக்கூட இல்ல?"

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "அந்தப் பாட்டோட கடைசியில, மேல, ஒரு மினுமினுப்பு வருமே. அது வருதா?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"வருதா, இல்லையா?"

"வருதுங்க."

"எப்பத்துலேர்ந்து?"

"அது என்னைக்கு நின்னுச்சு? வாங்கின நாள்லேர்ந்து வந்துட்டுதான் இருக்கு."

"மூணு வருஷமா நான் கத்திட்டிருக்கேன், ரெண்டு கடுதாசி போட்டேன், நீ ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையோ கைத்துண்டோ, ஏதோ ஒன்றால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டாவது கடுதாசியைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் குடுத்தீங்க. நான் போடல. பீரோவுல இருக்கு. சொல்லணும்னு நாலஞ்சு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்ததும் முடியல. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. கூச்சமாக இருந்தது. அந்தப் பெண் மூடி மறைத்தாள், இவள் மூடி மறைத்தாள், இன்னும் எத்தனை பேரோ! காது என்று ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு, அது கீழே விழாமல் சுற்றி நின்று எல்லோரும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்கிப் பிடிக்கிற கைகளில் அடுத்தது மச்சானுடையது. அவன் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு போர்டும் தப்பாகச் செய்ததில்லை.

"எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "சொல்லேன். நான் மறந்தே போயிட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கண்ணாடி வளையல் ரெண்டு பட்டும் படாம உரசினா வருமே, அப்படி. வந்து, முடிஞ்சிடும். அது வந்தப்புறம்தான் துணியை எடுக்கணும்னு எனக்குத் தோணும்."

வெள்ளிக்கிழமை பெரியவர் ஆய்வுக்காரப் பெண்ணோடு வந்தார். அறிக்கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்ல வந்தவர் போல டீயை ஊதிக்கொண்டே இருந்தார். காது ஆரம்பிப்பதற்குள் மச்சான் எழுந்து நின்றுவிட்டான்.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. போர்டுல ஒரு வடிகட்டி விட்டுப்போச்சு. அதனால மேல ஒரு விசில் ஓடுது, சின்னப் பசங்களுக்கு அதான் தாங்கல. என் கவனக்குறைவு. ராத்திரியே ஒரு போர்டுல மறுபடி வச்சுட்டேன்."

ஆய்வுக்காரப் பெண் மச்சானிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அவன் அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"மாப்ள, உட்காரு" என்றார் காது.

"அத்தான், நான்தான்..."

"உட்காருன்னேன்." அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "வடிகட்டி விட்டுப்போகலீங்க. இருந்துச்சு. எடுக்கச் சொன்னது நான். எடுத்தாலும் வச்சாலும் எனக்கு வித்தியாசம் கேக்கல. எனக்குக் கேக்கலன்னா யாருக்கும் கேக்காதுன்னு நினைச்சேன். திரையில ஒரு தடவை பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கக் கூடாதுன்னு காகிதத்தை ஒட்டினதும் நான்தான்." பெரியவரை நேராகப் பார்த்தார். "எனக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல காது போயிடுச்சுங்க. மூணு வருஷமாவது இருக்கும். போர்டுல எந்தத் தப்பும் இல்ல."

கீழே டயர் கடையில் சுத்தியல் மறுபடி விழத் தொடங்கியது.

பெரியவர் டீயைக் கீழே வைத்தார். முகம் ஒரு தினுசாக மாறியது. "விசிலா? நான் ஒரு மணி நேரம் வாசிச்சேனே. எனக்கும் கேக்கலையே?"

பெண் இரண்டு போர்டுகளையும் கொண்டுவந்து மாற்றி மாற்றி மாட்டினாள். மூன்று ஆண்களும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவர்களின் தீவிரத்தோடு கேட்டார்கள். "இதுதான் சுத்தமா இருக்கு, வடிகட்டி வச்சது" என்று மச்சான் அடித்துச் சொன்னான். அது வைக்காத போர்டு. பெரியவர் இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்தார். அவர்களுக்கு நடுவில் அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதலில் சிரித்தவர் காதுதான். சிரிப்பு கொஞ்ச நேரம் நிற்கவில்லை, கடைசியில் அது சிரிப்பாகவும் இல்லை. மச்சான் அவர் தோளில் கை வைத்தான்.

"முப்பது வருஷமா சரக்கைக் காதால கேட்டு நான்தான் எடுக்கிறேன்" என்றார் பெரியவர் மெதுவாக. "என்னென்ன கொசுவை வித்திருக்கேனோ."

மறுபடி ஒரு சோதனை என்று முடிவாயிற்று. இருபது பேர், எல்லோரும் முப்பதுக்குக் கீழே. அவர்கள் உட்கார்ந்தால் கையெழுத்து, எழுந்தால் குளிர்பெட்டி. காது தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார். இனி பட்டறையிலிருந்து எந்தச் சத்தம் வெளியே போனாலும் இந்தப் பெண் ஒரு தடவை கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். "அவ இல்லாம நான் செய்ய மாட்டேன்" என்றார். அவள் இல்லையில்லை என்று தலையை ஆட்டினாள். பெரியவர் சம்பளத்தையே பேசி முடித்துவிட்டார்.

சோதனை நடந்த பின்னறையின் மூலையில், அடுக்கிவைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில், காதுக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஹெட்போனுக்குள் என்ன ஓடுகிறது என்பது வெளியே கேட்காது. கேட்டாலும் முழுசாகக் கேட்காது. ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு சத்தத்தைக் கண்ணால் பார்க்க உட்கார்ந்தார். பார்ப்பதற்கு இருந்தவை கைகள்தான். கை விசைமேல் இருக்கிறதா, ஹெட்போனுக்குப் போகிறதா?

முதலில் வந்தது உயரமான ஒரு பையன். தோளில் பை, காலில் அவசரம், உட்காரும்போதே எழுந்து போகிறவன் மாதிரி. ஒரு விசையைத் தொட்டான். இன்னொன்று. மூன்று நிமிடம் ஆயிற்று. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகத்தைக் கடித்தான். நான்கு நிமிடம். பையன் ஓங்கி ஒன்றை அழுத்தினான். எந்தத் துண்டுக்குத் தாவியிருக்கும் என்று காதுக்குத் தெரியும். போர்வை உதறுகிற துண்டு. அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பையன் இரண்டு கைகளையும் விசையிலிருந்து எடுத்தான். மேலே கொண்டுபோனான். ஹெட்போனைப் பிடித்தான்.

போயிற்று என்று காது தலையைக் குனிந்துகொண்டார்.

"அத்தான்" என்று மச்சான் அவர் முழங்காலைத் தட்டினான். "பாருங்க அத்தான்."

பையன் ஹெட்போனைக் கழற்றவில்லை. அந்தச் சத்தம் ஓய்ந்து தேய்ந்து போவதை ஒரு துளி விடாமல் கேட்பதற்காக, இரண்டு உள்ளங்கைகளாலும் அதைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.